முன்னும் பின்னும் ஒரே முகம்

அண்ணையின் மோட்டார் சைக்கிளை ரயில் அடித்த செய்தி, நான் வேலை செய்து ஓய்வு பெற்ற பத்திரிகையில் அடுத்த நாள் நான்கு வரியாக வந்தது. "பாதுகாப்பற்ற புகையிரதக் கடவையைக் கவனயீனமாகக் கடக்க முற்பட்டவேளை" என்று தொடங்கி, மனைவி உயிரிழந்தார், கணவர் காயங்களுடன் வைத்தியசாலையில் என்று முடிந்தது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. அது எங்கள் மேசையில் எப்போதும் தயாராக இருக்கிற வாக்கியம். ஊரையும் வயதையும் மாற்றினால் போதும். இப்போதும் நான் செய்தியை ஒப்புநோக்குகிறவனின் கண்ணோடுதான் வாசிக்கிறேன். அன்று அந்தக் கண் ஒரு சொல்லில் நின்றது. கவனயீனம். அண்ணை கவனித்திருந்தார். நின்று, பார்த்து, பார்த்ததை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கடந்திருந்தார்.

வைத்தியசாலையில் தலைக் கட்டோடு கிடந்தபடி அதை எனக்குச் சொன்னார்.

"கோச்சி போய்க்கொண்டிருந்தது, தம்பி. நான் கண்ணாலை கண்டனான்."

"வந்த கோச்சி எல்லோ அண்ணை அடிச்சது?"

"அது இப்ப தெரியும். நான் கண்டது போன கோச்சி."

எங்கள் வீட்டில் பெரியவர்கள் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். அண்ணை அந்தச் சொல்லைக் கடைசிவரை விடவில்லை.

சுன்னாகத்தைத் தாண்டிக் காங்கேசன்துறைக்குப் போகிற பாதையில் கேற் இல்லாத கடவைகளில் அது ஒன்று. மேற்கே அண்ணையின் வீடு. கிழக்கே அவருடைய வெங்காயத் தோட்டம். இரண்டையும் சேர்க்கிற ஒழுங்கையைத் தண்டவாளம் குறுக்கே வெட்டுகிறது. கடவையில் நின்று வடக்கே பார்த்தால் பாதை நெடுந்தூரம் நேராகக் கிடக்கும். மறைக்க ஒரு மரம் இல்லை. அண்ணைக்கு எதிரான மிகப் பெரிய சாட்சி அதுதான். ஒரு வளைவு இருந்திருந்தால் பழியை அதில் போட்டிருக்கலாம்.

போர்க்காலத்தில் இந்தப் பாதை இல்லாமலே போயிருந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் குண்டுக்குப் பதுங்குகிற பங்கர்களுக்குப் போயின. மிஞ்சிய கல்மேட்டில் ஆட்கள் சைக்கிள் ஓடினார்கள், ஆடு கட்டினார்கள். ஒரு தலைமுறை ரயிலைக் காணாமலே கலியாணமும் முடித்துப் பிள்ளையும் பெற்றது. பிறகு புதுத் தண்டவாளம் போட்டு ரயில் வந்தபோது, வளர்ந்த ஆட்கள் வேலியோரம் நின்று கை காட்டினார்கள். ரயிலோடு வளர்ந்த ஊர்களில் அதன் வேகம் பிள்ளைகளின் காலுக்கே தெரியும். எங்களுக்கு அந்தப் பழக்கம் அறுந்து போயிருந்தது. ஒழுங்கை எங்களுடையது, அதில் ரயில் ஒரு விருந்தாளி என்ற நினைப்பு எங்களை விட்டுப் போகவில்லை.

அண்ணைக்கு அந்த விருந்தாளிதான் மணிக்கூடு. காலையில் காங்கேசன்துறைக்குப் போகிற ரயில் கடந்த பிறகே தோட்டத்துக்கு வெளிக்கிடுவார். கடவையில் நின்று வடக்கே பார்ப்பார். ரயிலின் முதுகு தூரத்தில் சிறுத்துக்கொண்டு போகும். கடப்பார். நாள் தவறாமல் இதுதான். அந்த ரயிலுக்கு இரண்டு முனையிலும் சாரதி அறை உண்டு. இஞ்சினைக் கழற்றி மாற்றத் தேவையில்லை, போனபடியே திரும்பி வரும். முன்னும் பின்னும் ஒரே முகம்.

அன்று அண்ணியும் தோட்டத்துக்கு வருவதாகச் சொன்னார். சமையலை முடித்துவிட்டு அவர் வெளிக்கிட நேரமாகிவிட்டது. கடவைக்கு வந்தபோது வழக்கமான இடத்தில், வழக்கமான அளவில், வழக்கமான முகம் தெரிந்தது. அண்ணை "போகுது" என்று சொல்லி மோட்டார் சைக்கிளை ஏற்றினார். அது காங்கேசன்துறைக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்த ரயில். சாரதி ஹோர்ன் அடித்தார், பிறேக்கும் பிடித்தார். ஒழுங்கை முகப்பில் இருந்தவர்களுக்கு அது கேட்டது. அண்ணைக்குக் கேட்கவில்லை. சோளகக் காற்று காலம்; தென்மேற்கிலிருந்து வீசுகிற காற்று வடக்கில் எழுந்த சத்தத்தை வடக்கேயே தள்ளிக்கொண்டு போனது. போதாததற்கு மோட்டார் சைக்கிளின் இரைச்சல். முன் சில்லு கடந்துவிட்டது. பின் சில்லு கடக்கவில்லை.

மரண விசாரணை விபத்து என்று முடித்தது. ஊர் அப்படி முடிக்கவில்லை. ஒழுங்கை முகப்புக் கடையில் நான் வெளியே சைக்கிளை நிறுத்தும்போதே பேச்சுக் கேட்டது.

"கோச்சி என்ன, ஒழுங்கைக்குள்ளை இறங்கி வந்தே அடிச்சது?"

"வாறதுக்கும் போறதுக்கும் வித்தியாசம் தெரியாத மனிசன், களையையும் வெங்காயத்தையும் என்னெண்டு பிரிச்சவர்?"

"அவர் எங்கை பிரிச்சவர்? அந்த மனிசி எல்லோ குனிஞ்சு நிண்டது."

சிரித்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "ஐயாவுக்கு ஒரு பிளேன்ரீ போடு" என்று ஒருவர் உள்ளே சத்தம் வைத்தார். குடித்தேன். சீனி கூடிப்போயிருந்தது.

ஊரை அண்ணை பொருட்படுத்தவில்லை. அவருக்கு ஒரே மகள். முப்பது கடந்தவள், புத்தூரில் கலியாணம் முடித்து இருக்கிறாள். செத்தவீட்டில் அவள் எல்லாக் காரியத்தையும் குறையில்லாமல் செய்தாள். கதிரையில் இருத்திக் கொண்டுவந்த தகப்பன் பக்கம் மட்டும் திரும்பவில்லை. கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் தகப்பனின் வீட்டுக்கு வராமல் அப்படியே புத்தூருக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் படலையைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. எங்கள் ஊரில் இதற்கு மேல் கடுமையான சொல் கிடையாது. இதைச் சொல்ல வாயும் தேவையில்லை.

ஆட்டைத்துவசம் நெருங்கியபோது அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"அவள் வரவேணும். தாயின்ரை முதல் துவசம். நான் சொன்னா அவள் எடுக்காள். நீ எழுதினவன். உனக்குச் சொல்லத் தெரியும்."

"என்னத்தைச் சொல்ல?"

"நான் பொய் சொல்லேல்லை எண்டு சொல்லு. அவ்வளவும் போதும்."

உண்மையில் எனக்கே அது நிச்சயமாகத் தெரியாது. ஆகவே முதலில் நான் விசாரித்தேன். தொழில் விட்டுப் போனாலும் விசாரிக்கிற புத்தி போகாது.

கண்ணுக்குள் விழுவது தட்டையான படம். தூரம் அதில் இல்லை. தூரத்தைச் சேர்ப்பது மூளை. நேராக நம்மை நோக்கி வருகிற பொருள் இடத்துக்கோ வலத்துக்கோ நகராது. அது வருகிறது என்பதற்குப் பெரும்பாலும் இருக்கிற அடையாளம், அது பெருப்பதுதான். அந்தப் பெருப்பு தூரத்தில் இருக்கும்போது கண்ணில் படாத அளவு சிறியது. பாதித் தூரம் வந்தால்தான் இரட்டிக்கும். மிச்சத்தில் பாதி வந்தால் மறுபடி இரட்டிக்கும். ஆகப் பெருப்பதெல்லாம் கடைசிக் கணங்களில்தான் நடக்கிறது. அதுவரை அது வருவதாகவும் இருக்கலாம், போவதாகவும் இருக்கலாம், நிற்பதாகவும் இருக்கலாம். மூளை அப்படி ஒரு கேள்வியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்காது. பழக்கத்திலிருந்து ஒரு விடையை எடுத்துப் போட்டுவிடும். உறுதிப்படுத்தாத தகவலைத் தலைப்புச் செய்தியாகப் போடுகிற பத்திரிகை மாதிரி, அது தன் ஊகத்தை ஊகமென்று சொல்வதில்லை. காட்சி என்றே நமக்குத் தருகிறது.

இதை நான் முன்பே கண்டிருக்கிறேன். பின்னேரத்தில் பளையைக் கடந்து பஸ்ஸில் வரும்போது, இறங்குகிற வெயிலுக்கு முன்னால் காற்றாலைகள் கரிய உருவங்களாக நிற்கும். சரிவாகப் பார்க்கையில் விசிறி நம் பக்கம் பார்க்கிறதா, மறுபக்கமா என்று தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று மட்டும் திசை மாறிச் சுழலத் தொடங்கும். காற்று மாறியிராது. பக்கத்தில் நிற்கிறவையும் மாறியிரா. பத்திரிகையிலும் ஒருமுறை நடந்தது. ஒரு கிணறு தோண்டத் தொடங்கிய குழியின் படம் பக்கத்தில் தலைகீழாக ஏறிவிட்டது. அச்சில் அது மண்மேடாகத் தெரிந்தது. வெளிச்சம் எப்போதும் மேலிருந்தே விழும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது; நிழல் இடம் மாறினால் குழி மேடாகிவிடும். "கிணறு எங்கை, புற்றெல்லோ போட்டிருக்கிறியள்" என்று ஒரு வாசகர் பத்திரிகைக் கந்தோர் வாசலில் வந்து நின்று கேட்டார்.

ஆனால் அண்ணை கண்டதை நானே காணாமல் மகளிடம் போக எனக்கு மனமில்லை. காலைகளில் கடவைக்குப் போய் நின்றேன். திரும்பி வருகிற ரயிலுக்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அது வருவதாகவே தெரிந்தது. வரப்போகிறது என்று தெரிந்து நிற்கிறவனுக்கு வேறெப்படித் தெரியும்? நான் எரிச்சலோடு திரும்பினேன். அண்ணை பொய் சொல்கிறார் என்று ஒருநாள் முழுக்க நம்பியும் இருந்தேன்.

பிறகு நான் எதையும் எதிர்பாராத ஒரு காலையில் அது நடந்தது. சுன்னாகச் சந்தைக்கு வெளிக்கிட்டு, வேறு எதையோ யோசித்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு கடவைக்கு வந்தேன். வடக்கே கானலுக்குள் அந்த முகம் தெரிந்தது. போய்விட்டது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, கண்டேன். தெளிவாக, அண்ணை சொன்ன மாதிரி, அது சிறுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. முன் சில்லைத் தண்டவாளத்தில் வைத்தபோது அந்த முதுகு திடீரெனப் பெருத்தது. போய்க்கொண்டிருந்த ரயில் பின்பக்கமாக என்மேல் ஓடி வந்தது. நான் சைக்கிளை இழுத்துக்கொண்டு பின்னால் விழுந்தேன். ரயில் கடந்து போய், தூசி அடங்கிய பிறகும் என் கண் அதை வந்த ரயிலாக ஒத்துக்கொள்ள நேரம் எடுத்தது.

மறுபடி அதைக் காண எத்தனையோ முறை முயன்றேன். முடியவில்லை.

புத்தூருக்குப் போனேன். அண்ணையின் மகள், என் பெறாமகள், மரியாதையாகக் கதிரை போட்டு, தேத்தண்ணியும் தந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கானலைச் சொன்னேன், காற்றைச் சொன்னேன், இரு முனையிலும் ஒரே முகம் என்பதைச் சொன்னேன், நான் விழுந்ததைச் சொன்னேன். கடைசியில் கைபேசியில் வைத்திருந்த அந்தக் குழிப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். "மேடு மாதிரித்தான் கிடக்கு" என்றாள். பிறகு கைபேசியை என்னிடம் நீட்டினாள். "ஆனா சித்தப்பா, நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதுக்குள்ளை விழுறவன் விழுவான்தானே?"

நான் கைபேசியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

"அம்மா மோட்டார் சைக்கிளிலை எந்தப் பக்கம் பாத்து இருந்தவ?" என்று அவள் கேட்டாள்.

அண்ணி இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு இருப்பவர். கிழக்கே போகிற மோட்டார் சைக்கிளில் அது வடக்கு.

"கோச்சி வந்த பக்கம் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா. அப்ப ஏன் கத்தேல்லை?"

இதுதான் என்னிடம் இருந்த மிக நல்ல சான்று. அதை அவளே எடுத்துத் தந்ததாக நினைத்து நான் அவசரப்பட்டேன். "அதைத்தான் பிள்ளை நானும் சொல்லுறன். அவவுக்கும் போறதாத்தான் தெரிஞ்சிருக்கு."

"இல்லை. அம்மா கோச்சியைப் பாக்கேல்லை. அப்பா 'போகுது' எண்டு சொன்னதைக் கேட்டவ." அவள் குரலை உயர்த்தவில்லை. "பங்கருக்குள்ளை நாங்கள் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கோ? பொம்மர் வரேக்கை அப்பாதான் வாசலிலை நிண்டு பாக்கிறவர். 'வருகுது' எண்டா குனிவம். 'போகுது' எண்டா வெளியிலை வருவம். அம்மா ஒருநாளும் தான் எட்டிப் பாத்தது கிடையாது. நானும் பாத்ததில்லை."

எனக்கு ஞாபகம் இருந்தது. நானும் அந்தப் பங்கருக்குள் இருந்திருக்கிறேன். எங்கள் காலத்தில் குடாநாட்டில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி, வருகிறதா போகிறதா என்பதுதான். அதில் அண்ணை ஒருநாளும் பிழை விட்டதில்லை. பக்கத்து வீட்டாரும் அவருடைய "போகுது" கேட்டுத்தான் வெளியே வருவார்கள். விமானத்தை அவர் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை, சத்தத்தால் பார்த்தார். கடவையில் சத்தத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது. இதையும் நான் மகளுக்குச் சொன்னேன்.

"அதுக்கு நான் என்ன செய்ய, சித்தப்பா? காத்தோடை கோவிக்கவோ?"

"அப்பா பொய் சொல்லேல்லை எண்டு மட்டும் ஒத்துக்கொள்ளு."

அவள் வெறுங் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தாள். "துவசத்தண்டு காலமை வாறன். முதல் கடவைக்குப் போவம். அந்தக் கோச்சி வரட்டும். எனக்கும் போறமாதிரித் தெரிஞ்சா, நான் வீட்டை வாறன்."

அந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சாட்சியிடம் விடையை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கக் கூடாது என்பது நிருபராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே படிப்பிக்கிற பாடம். நான் அவளிடம் எல்லா விடையையும் சொல்லி முடித்திருந்தேன். ஆனால் அண்ணைக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வழி அதுவாக இருந்தது. அவரிடம் போய்ச் சொன்னபோது அவருடைய முகம் தெளிந்தது. "அப்ப வருவாள்" என்றார். "அந்த இடத்திலை நிண்டு பாத்தா ஆருக்கும் அப்பிடித்தான் தெரியும்."

துவசத்தன்று காலையில் அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் தாய்க்குப் படைக்க ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் இருந்தன. அதைக் கண்டு எனக்கு நம்பிக்கை வந்தது. இருவரும் ஒழுங்கை வழியே நடந்து கடவையின் மேற்குப் பக்கம் நின்றோம். அண்ணையின் வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. கடைக்காரர் வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வடக்கே கானல் எழுந்தது. அதற்குள் அந்த முகம் தெரிந்தது. மிகச் சிறியதாக, அசையாததாக. நான் ரயிலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். அவள் கண்ணைக் கொஞ்சம் சுருக்கினாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அவள் முயன்றாள் என்பதை நான் எழுதத்தான் வேண்டும். அவள் உண்மையாகவே முயன்றாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். "போகுது" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

பிறகு கையைத் தொங்கவிட்டாள்.

"வருகுது சித்தப்பா."

"இன்னும் தூரம்தானே. கொஞ்சம் பொறு."

"தூரத்திலையும் வருகுதுதான். அது முதலே வந்துகொண்டுதான் இருக்கு."

ரயில் பெருத்தது. ஹோர்ன் இந்த முறை நன்றாகக் கேட்டது. எங்களைக் கடந்து தெற்கே போனபோது அவளுடைய சேலைத் தலைப்பு பறந்து அடங்கியது. அவள் திரும்பி அதைப் பார்க்கவில்லை. வாழைப்பழத்தையும் பூவையும் என் கையில் தந்தாள்.

"இதை அம்மாவுக்குப் படையுங்கோ."

"பிள்ளை, அவர் பொய் சொல்லேல்லை."

"ஓம். தெரியும்." அவள் தலையாட்டினாள். "பொய் சொல்லியிருந்தா அதை நான் மன்னிச்சு விட்டிருப்பன். அவர் உண்மையெண்டு சொன்னதை நம்பித்தானே அம்மா செத்தவ."

அவள் ஒழுங்கையில் திரும்பி நடந்தாள். நான் பழத்தோடு அண்ணையின் வீட்டுக்குப் போனேன்.

அண்ணை படலையடியில் நின்றார். குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். உள்ளே படையல் இலைக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒரு இலை போட்டிருந்தது. என் பின்னால் ஒழுங்கையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார்.

"போறமாதிரித் தெரியேல்லையோ அவளுக்கு?"

அவருக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வெயில் சரியில்லை, ரயில் பிந்திவிட்டது என்று எதையாவது. எனக்கு அது வரவில்லை.

"இல்லை அண்ணை. வாறதாத்தான் தெரிஞ்சது."

அவர் பழத்தை வாங்கி, காம்பில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தார்.

"எனக்கு இப்பவும் கண்ணை மூடினா அது போகுது" என்றார். "ஒருநாளும் வாறதில்லை."

உள்ளே போய்ப் படையலில் பழத்தை வைத்தார். மகளுக்குப் போட்டிருந்த இலையை எடுக்கவில்லை. அதில் என்னை இருத்திச் சோறு போட்டார். சாப்பிட்டேன். அவர் எதிரில் இருந்து, நான் கேட்காமலே கறி விட்டுக்கொண்டிருந்தார்.